தாழில்லாத வீடு

வீடு கட்டுவோன் தன் காலத்துத் தெருவை நோக்கியே கட்டுகின்றான். கள்வர் அச்சம் மிகுதியும் இல்லாத சிற்றூரில் வாழ்ந்த நம் முன்னோர், வழிப்போக்கர் படுத்துறங்கும்பொருட்டுத் திண்ணை வைத்துக் கட்டினர்; பகலெல்லாம் கதவைத் திறந்தே வைத்தனர். அஃது அறியாமையன்று, அக்காலத்துக்கு ஏற்ற ஒழுங்கேயாம். பின்னர் அத்தெரு பெருவழியாகி, ஊரும் பேரும் அறியப்படாதார் ஆயிரவர் இரவும் பகலும் அதன்வழிப் போக்குவரவு செய்யத் தலைப்பட்டபொழுது, அத்திண்ணையும் அத்திறந்த கதவுமே இடருக்கு வாயிலாயின. நம் இல்லங்களிற் கணிப்பொறிகளை இயக்கிவந்த பழைய இயங்குதளங்களின் வரலாறும் இத்தகையதே. இவ்வுண்மையை யாம் நூல்வாயிலாக அறியுமுன்னர், எம் இல்லத்து நேர்ந்ததோர் இழப்பின்வாயிலாக அறிந்தோம். அவ்விழப்புக்குப் பெரும்பொறுப்பு எம்முடையதே. ஆதலின், அதனை மறையாது இம்மலரின் வாசகர்க்கு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

எம் தந்தையார் நில அளவைத் துறையிற் பணியாற்றி 1996ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். சங்கிலியும் புலப்படமும் கொண்டு வரப்பு வரப்பாய் நடந்த முப்பதாண்டுகளில், அலுவலகப் பதிவேட்டில் இடம்பெறாத செல்வமொன்றை அவர் திரட்டியிருந்தார். அரசாங்கம் ஒவ்வொரு நிலத்தையும் எண்ணாற் குறிக்கும். உழவரோ பெயராற் குறிப்பர். நாவலடிச் செய், கூனன் மேடு, பிள்ளை பெற்ற வயல், எருமை முங்கி மடை என்றிவ்வாறு வயலுக்கும் மடைக்கும் வாய்க்காலுக்கும் முதியோர் வழங்கிய பெயர்களை, அவை எழுந்த காரணத்தோடு, துண்டுத் தாள்களிற் குறித்துத் தகரப் பெட்டி இரண்டில் அவர் பேணிவந்தார். அத்தாள்கள் ஏறக்குறைய 2,300. அவற்றை அகரவரிசைப்படுத்தி ஒரு நூலாக்கவேண்டும் என்பதே ஓய்வுக் காலத்தில் அவர் கொண்டிருந்த விருப்பம்.

1998ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், எம் முதற் சம்பாத்தியத்தைக்கொண்டு வீட்டுக்கு ஒரு கணிப்பொறி வாங்கினோம். விண்டோஸ் 98 என்னும் இயங்குதளம் வெளிவந்து இரண்டு திங்களே ஆகியிருந்த காலம் அது. தந்தையார் தட்டச்சு அறிந்தவராதலின், தமிழ் எழுத்துருவொன்றை அமைத்துக்கொடுத்தவுடன், நாடோறும் காலையில் நான்கு மணி நேரம் அதன்முன் அமர்ந்து பெயர்களைப் பதியலானார். எட்டுத் திங்களில் அப்பணி முடிவுற்றது. அப்பொழுது யாம் செய்த செயலை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றோம். “எல்லாம் பெட்டிக்குள் ஏறிவிட்டதே, அப்பா, இந்தக் குப்பை இனி எதற்கு?” என்று சொல்லி, கரையான் அரிக்கத் தொடங்கியிருந்த அத்தாள்களைப் பழந்தாள் வாங்குவோனிடம் எடைக்குப் போட்டோம். தந்தையார் சிறிது தயங்கினார். பின்னர், கற்ற பிள்ளை சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணி, வாளாவிருந்தார்.

1999ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் திங்கட்கிழமை காலையில், வழக்கம்போல் அவர் பொறியை முடுக்கினார். சிறிது நேரத்தில் அது நின்றுபோயிற்று. மீண்டும் முடுக்கியபொழுது, கருந்திரையில் இரண்டு வரி வெள்ளெழுத்துக்கள் தோன்றின. இயங்குதளம் காணப்படவில்லை என்பது அவற்றின் பொருள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. “தாளெல்லாம் போட்டாயிற்றே, தம்பி?” என்று மட்டும் தந்தையார் வினவினார். அவ்வினாவுக்கு விடை கூற எமக்கு நா எழவில்லை.

நேர்ந்தது இன்னதெனப் பின்னரே தெளிந்தோம். 1998ஆம் ஆண்டில் தைவான் நாட்டு மாணவரொருவர் இயற்றிவிட்ட சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியிருந்தது. அதன் அளவு ஏறக்குறைய ஒரு கிலோபைட்டே. ஏனைய நிரல்களுக்குள் எழுதப்படாது கிடக்கும் வெற்றிடங்களில் அது தன்னைத் துண்டு துண்டாகச் செருகிக்கொள்ளும்; ஆதலின் அதனாற் பற்றப்பட்ட கோப்பின் அளவு சிறிதும் மிகாது; காண்போர்க்கு ஐயமும் எழாது. ஏப்பிரல் 26 வருமளவும் அது அடங்கிக் கிடந்து, அன்று வன்தட்டின் முதல் ஒரு மெகாபைட்டுப் பகுதியை அழித்தெழுதும். சிலவகைப் பொறிகளில், தாய்ப்பலகையிற் பதிந்துள்ள தொடக்க நிரலையும் சிதைக்கும். செர்னோபில் அணு உலை விபத்து 1986ஆம் ஆண்டில் அதே நாளில் நேர்ந்தமையின், அந்நச்சுநிரலுக்கு அப்பெயரும் வழங்கலாயிற்று. எம் இல்லத்துக்கு அதனைக் கொணர்ந்தவர் பிறரல்லர்; யாமே. நண்பரொருவரிடம் இரவலாகப் பெற்ற, உரிமம் பெறாத விளையாட்டுக்கள் நிறைந்த குறுவட்டொன்றிலிருந்து அது புகுந்தது.

இத்துணைச் சிறிய நிரலொன்று வீட்டின் அடித்தளத்தையே தகர்த்தது யாங்ஙனம் என்னும் வினா எம்மைப் பன்னாள் வருத்தியது. விடை தேடியபொழுதுதான், யாம் வாழ்ந்த வீட்டின் அமைப்பை முதன்முறை அறிந்தோம்.

விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் வேர் 1981ஆம் ஆண்டின் எம்.எஸ்.டாஸ் என்னும் இயங்குதளத்திற் கிடந்தது. ஒரு மேசை, ஒரு பொறி, ஒரு மனிதர் என்பதே அக்காலத்து எண்ணம். ஒருவரே வாழும் வீட்டில் அறைக்கறை பூட்டு எதற்கு? ஆதலின் கோப்புக்கு உடையவர் இன்னார் என்று குறிக்கும் வழக்கம் அதன்கண் இல்லை. எந்த நிரலும் எந்தக் கோப்பையும் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். விண்டோஸ் 98 தொடங்கும்பொழுது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு கட்டமொன்று தோன்றும். அதனைக் காவல் என்றே யாமும் கருதியிருந்தோம். உண்மையில், பொதுவான அமைப்பில், ஒன்றும் எழுதாது அக்கட்டத்தை விலக்கிவிட்டாலும் வீடு திறந்துகொள்ளும். வலைப்பின்னலுக்குரிய அடையாளத்தைக் கேட்பதே அதன் பணி. வீட்டைக் காப்பது அன்று. வாயிலில் நின்று பெயர் கேட்பவன் எல்லாம் காவலன் ஆகான் என்பதை அன்று உணர்ந்தோம்.

இதனினும் ஆழ்ந்த குறையொன்று உண்டு. அக்காலத்து நுண்செயலி, நிரல்களின் உரிமையை நான்கு அடுக்காக வகுத்து வைத்திருந்தது. இயங்குதளத்தின் உட்கரு யாவற்றையும் ஆளும் உயர்ந்த அடுக்கிலும், பிற நிரல்கள் தாழ்ந்த அடுக்கிலும் நிற்றல் வேண்டும். தாழ்ந்தது உயர்ந்ததன் நினைவகத்தைத் தீண்டலாகாது. விண்டோஸ் 98 இவ்விரண்டு அடுக்குக்களைக் கைக்கொண்டது உண்மையே. ஆயினும், டாஸ் காலத்துப் பழைய நிரல்களும் தடையின்றி ஓடவேண்டுமென்னும் நோக்கத்தால், இடையிலுள்ள சுவர் முற்றும் எழுப்பப்படவில்லை. நுண்செயலி எந்த நிகழ்ச்சிக்கு எந்த இடத்துக்குச் செல்லவேண்டும் என்று குறிக்கும் அட்டவணை, எளிய நிரல்களும் எழுதத்தக்க இடத்திற் கிடந்தது. சி.ஐ.எச். அவ்வட்டவணையில் ஒரு வரியை மாற்றித் தன்னை உட்கருவின் அடுக்குக்கு உயர்த்திக்கொண்டது. அடுக்களைக்குள் நுழைந்தவன் கருவூலத் திறவுகோலையும் பெற்றான் என்க. வேறு வழியிற் கட்டப்பட்ட விண்டோஸ் என்.டி.யில் அச்சூழ்ச்சி பலிக்கவில்லை. ஒரே நிறுவனத்தின் இரு வீடுகளுள் ஒன்று அலுவலகத்துக்கெனச் சுவரோடும், மற்றொன்று இல்லத்துக்கெனத் திண்ணையோடும் கட்டப்பட்டிருந்தன.

குறைகள் இவ்வளவில் நிற்கவில்லை. பக்கத்துப் பொறியோடு கோப்புக்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதிக்கு விண்டோஸ் 95, 98 ஆகியவற்றிற் கடவுச்சொல் இடும் வழி இருந்தது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அதன்கண் ஒரு வழு வெளிப்பட்டது. கடவுச்சொல்லில் எத்தனை எழுத்தை ஒப்பிடவேண்டும் என்பதை, உள்ளே வரக் கேட்பவனே சொல்லலாம். ஓரெழுத்து என்று அவன் சொன்னால், முதலெழுத்து ஒன்றே ஒப்பிடப்படும். கடவுச்சொல் எத்துணை நீளமாயினும், சில நூறு முயற்சிக்குள் கதவு திறந்துகொள்ளும்! அதே ஆண்டு மே 4ஆம் நாள் பரவத் தொடங்கிய காதற்கடித நச்சுநிரல் வேறோர் எளிய வழியைப் பற்றியது. கோப்புப் பெயரின் வாலை மறைத்துக் காட்டுதல் விண்டோஸின் இயல்பான அமைப்பாயிருந்தது. ஆதலின் ஓடும் நிரலொன்று எழுத்துக் கோப்பின் வேடம் பூண்டு மின்னஞ்சலிற் சென்றது; அன்புக் கடிதம் என்றெண்ணிப் பலர் அதனைத் திறந்தனர். பயன்படுத்துவோர்க்கு எளிமையாகட்டும் என்று செய்த மறைப்பே வஞ்சகர்க்குத் திரையாயிற்று.

எம் கதைக்கு மீள்வோம். இழப்பு நேர்ந்த மறுநாளே, பழுது பார்ப்போர் ஒருவரை அழைத்து, வன்தட்டை முற்றும் துடைத்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவுமாறு யாமே விரைவித்தோம். பொறி பிழைத்தது; யாம் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி எத்துணைப் பேதைமை என்பது சில திங்கள் கழித்துத் தெரிந்தது. அந்நச்சுநிரல் அழித்தது 4 ஜிகாபைட்டு வன்தட்டின் முதல் ஒரு மெகாபைட்டை மட்டுமே. எந்தக் கோப்பு எங்கே கிடக்கின்றது என்னும் பட்டியலை அவ்வன்தட்டு இரண்டு படியாகப் பேணும். முதற்படி சிதைந்தாலும் இரண்டாம் படி எஞ்சியிருக்கும். அறிந்தார் ஒருவர் அதனைக்கொண்டு பெரும்பாலான கோப்புக்களை மீட்டிருக்கக்கூடும். தந்தையாரின் 2,300 பெயர்களும் அன்று காலையில் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு வழி மட்டுமே தொலைந்திருந்தது. அவற்றின்மேல் புதிய இயங்குதளத்தை எழுதுவித்து உண்மையாகவே அழித்தது எம் அவசரமேயாம். கள்வன் முன்வாயிலை உடைத்தான். எஞ்சியதைக் கொளுத்தியவர் யாம்.

இச்செய்தியைத் தந்தையாரிடம் சொல்லுவதா, மறைப்பதா என்று இரண்டு நாள் தடுமாறி, முடிவிற் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அவசரத்தில் அளந்தால் இரண்டு முறை அளக்கவேண்டிவரும் என்பது எங்கள் துறையில் வழக்கு” என்று கூறி, அம்மாவிடம் ஒரு கோடிட்ட குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு, நினைவிலிருந்த பெயர்களை எழுதத் தொடங்கினார். அவருக்கு அப்பொழுது வயது 61. அச்செழுத்துப் பார்ப்பதற்காகக் கடையொன்றுக்கு முன்னர்க் கொண்டுசென்ற பிளாப்பி ஒன்றில் 412 பெயர்கள் பிழைத்திருந்தன. ஏனையவற்றுக்காக அவர் மீண்டும் பேருந்தேறி ஊர் ஊராகச் சென்றார். சொன்ன முதியவர் பலர் அப்பொழுது உயிரோடில்லை.

2001ஆம் ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்.பி. வெளிவந்தது. என்.டி.யின் உறுதியான உட்கரு இல்லத்துக்கும் வந்தது என்று கேட்டு, யாம் அதனை நிறுவிக் கவலை ஒழிந்தோம் என்றிருந்தோம். ஆயினும் புதிய சுவருக்குள்ளும் பழைய பழக்கங்கள் குடிபுகுந்தன. நிறுவும்பொழுது அமைக்கப்படும் பெயர்கள் யாவும் முழு அதிகாரம் உடையனவாகவும் கடவுச்சொல் இல்லாதனவாகவும் இருந்தன. உடன்வந்த தீயரணும் இயல்பாக இயங்காது கிடந்தது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிளாஸ்டர் என்னும் புழு இணையத்திற் பரவத் தொடங்கியது. அதனைப் பெறுதற்குக் கோப்பு எதனையும் திறக்க வேண்டுவதில்லை. இணையத்தோடு பொறி இணைந்திருத்தலே போதும். எம் பொறியின் திரையிலும், அறுபது விநாடியில் அணைந்துவிடும் என்னும் எச்சரிக்கை தோன்றி, எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இம்முறை பெயர்களின் படி குறுவட்டிலும் தாளிலும் இருந்தமையின் யாம் கலங்கவில்லை. தந்தையார் மட்டும் ஒரு வினாக் கேட்டார்: “இந்த ஓட்டையை அடைக்க ஏதும் கொடுத்திருந்தார்களா, தம்பி?” கொடுத்திருந்தனர். சூலை 16ஆம் நாளே திருத்தம் வெளியாகியிருந்தது. இருபத்தாறு நாள் இருந்தும் யாம் அதனை இறக்கிப் பொருத்தவில்லை. “கல் நட்டுவிட்டால் மட்டும் போதாது, ஆண்டுக்கொரு முறை போய்ப் பார்க்கவேண்டும். பார்க்காத கல் நகர்ந்துவிடும்” என்றார் அவர்.

அச்சொல்லின் உண்மையை அதன்பின் வந்த ஆண்டுகள் மெய்ப்பித்தன. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த இரண்டாம் திருத்தத் தொகுதியினாலேயே எக்ஸ்.பி.யின் தீயரண் இயல்பாகவே இயங்கலாயிற்று. 2008ஆம் ஆண்டில் எழுந்த கான்பிக்கர் புழு, விரற்கடையளவுப் பென் டிரைவைச் செருகினாலே நிரலை ஓட்டிவிடும் தன்னியக்க வசதியையும் ஒரு வழியாகப் பயன்படுத்தியது. 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் நாளோடு எக்ஸ்.பி.க்குத் திருத்தம் வழங்குதல் ஓய்ந்தது. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், கோப்புக்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகைக் கலக்கியபொழுது, ஓய்வுபெற்ற அவ்வியங்குதளத்துக்கும் சிறப்பாக ஒரு திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஆனால் அன்று பற்றப்பட்டவற்றுட் பெரும்பாலானவை எக்ஸ்.பி. அல்ல, இரண்டு திங்கள் முன்னரே திருத்தம் கிடைத்தும் அதனைப் பொருத்தாது விட்ட விண்டோஸ் 7 பொறிகளே. பழமை மட்டும் குற்றமன்று. பாராமையே குற்றம் என்பது இதனால் விளங்கும்.

இவ்வியங்குதளங்களை ஆக்கியோரைப் பழித்தல் எம் நோக்கமன்று. பழைய நிரல்கள் ஓடவேண்டும், கல்லாதாரும் கையாளவேண்டும், விலையும் எளிதாகவேண்டும் என்று உலகம் கேட்டது. கேட்டதையே அவர்கள் தந்தனர். திண்ணையை விரும்பிய நாம், தெரு மாறியபின் திண்ணையை நொந்துகொள்வதிற் பயனில்லை. தெரு மாறிற்று என்பதைக் காலத்தில் உணர்ந்து தாழ் பொருத்துதலே வீட்டில் வாழ்வோரின் கடன்.

இன்றும் நம் இல்லங்களில், பழைய எழுத்துருவுக்காகவோ, பழைய அச்சுப் பொறிக்காகவோ, ஓய்வுபெற்ற இயங்குதளத்தோடு கூடிய கணிப்பொறிகள் இருக்கின்றன. விண்டோஸ் 10இன் பொதுப் பேணுகையும் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றமையின், அவற்றின் தொகை இன்னும் பெருகும். மாணவ அன்பர்களே! அத்தகைய பொறியை வைத்திருப்பீராயின், அதனை இணையத்தோடு இணையாதீர். அயலார் கோப்பை அதனுட் செலுத்தாதீர். புதிய பொறிக்கு வரும் திருத்தங்களை வந்த அன்றே பொருத்துக. அரியதொன்று உளதாயின், வெவ்வேறிடத்தில் மூன்று படி வைத்து, அவை திறக்கின்றனவா என்று ஆண்டுதோறும் பார்த்துக்கொள்க. இடர் நேர்ந்தால் பொறியை அணைத்துவிட்டு அறிந்தாரை அடைக, விரைந்து துடையாதீர். யாவற்றினும் மேலாக, வீட்டிலுள்ள முதியோர் தயங்குவாராயின், அத்தயக்கத்துக்குச் செவி கொடுக்க. எமக்குத் தெரிந்த தொழில்நுட்பம் தந்தையாருக்குத் தெரியாது. ஆயினும், ஒரே இடத்தில் ஒரே படியை வைத்துவிட்டு மூலத்தை எறிதல் தவறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

தந்தையாரின் நூல் 2008ஆம் ஆண்டில் 200 படிகள் அச்சாயிற்று. அதன்கண் 1,468 பெயர்கள் உள்ளன. எஞ்சிய எண்ணூறுக்கு மேற்பட்ட பெயர்களை இனிச் சொல்வார் இலர். 2012ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் அமர்ந்து எழுதிய அப்பழம்பொறி எம் அறையின் மூலையில், இணையக் கம்பி எதுவுமின்றி, இன்றும் இருக்கின்றது. ஆண்டுக்கொரு முறை அதனை முடுக்கிப் பார்க்கின்றோம். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அச்சிறு கட்டம் தோன்றும். தந்தையாரின் பெயர் அதன்கண் அப்படியே இருக்கும். கட்டத்தை விலக்கினாலும் வழி விடும் என்று அறிந்தும், அவர் இட்ட கடவுச்சொல்லை எழுதியே உள்ளே செல்கின்றோம்.